நிறம் மாறும் கல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கிக்கொண்டு, இராஜபாளையத்திலுள்ள என் மூத்த சகோதரியின் இல்லம் சென்றேன். வழிநெடுக மேற்குத்தொடர்ச்சி மலை உடன் வந்தது.

மச்சானின் விரலில் புதிய மோதிரம். அதிலிருந்த கல்லை ஒரு பக்கம் திருப்பினால் ஊதா கலந்த நீலம். மறுபக்கம் திருப்பினால் வெளிறிய மஞ்சள். "அபூர்வக் கல்லாம், சர்க்கரை நோயைத் தணிக்குமாம்" என்றார். அதை நம்பி இருபது நாட்களாக அவர் மாத்திரை உண்பதில்லை என்று கூறி அக்கா கண்கலங்கினார்.

மறுநாள் ஃபஜ்ரு தொழுதபின் அவரை மலைப்பக்கம் அழைத்துச் சென்றேன். இளவெயிலில் பாறைகள் மின்னின.

"மச்சான், இவ்வூர்ப் பாறைகளே அபூர்வமானவைதாம். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. சஃபிரின் என்னும் கனிமமும் படிகக்கல்லும் இணைந்திருக்கும் பாறை தென்னிந்தியாவில் முதன்முதலாக இராஜபாளையத்தில் கண்டறியப்பட்டதை 2004இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அவ்விணைப்பு தோன்ற 1000 பாகை செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். இத்தகைய பாறைகளில் கார்டியரைட் என்னும் கனிமமும் உண்டு. அதன் தெளிந்த வகையே அயோலைட். உங்கள் மோதிரக் கல்லும் அதுபோலவே நிறம் மாறுகிறது" என்றேன்.

"நிறம் மாறுவது சக்தியினால் அல்லவா?" என்றார்.

"அன்று. அது மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கா சேர்ந்த கனிமம். ஒளி எத்திசையில் புகுகிறதோ, அத்திசைக்கேற்ப வெவ்வேறு நிறங்களை உள்வாங்கிக்கொள்கிறது. கிரீன்லாந்தில் நூமைட் என்றொரு கருங்கல் உண்டு. அதிலுள்ள மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுப் பொன்னும் நீலமுமாய் ஒளிரும். சோப்புக்குமிழியில் வண்ணம் தோன்றுவது போலத்தான். இக்கற்கள் ஒளியை மாற்றும். உதிரத்திலுள்ள சர்க்கரையை மாற்றா."

அவர் மௌனமாயிருந்தார். வெண்மையும் செம்மையும் கருமையுமாய் மலைகள் படைக்கப்பட்டிருப்பதை ஃபாத்திர் அத்தியாயம் சிந்திக்கச் சொல்வதை நினைவூட்டினேன். ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரலி) அவர்களே, அக்கல் நன்மையோ தீமையோ செய்யாது என்று உரைத்ததையும் எடுத்துக் கூறினேன்.

அன்று காலையே அவர் அரசு மருத்துவமனைக்குப் புறப்பட்டார். மோதிரத்தைக் கழற்றவில்லை, "அழகுக்காக இருக்கட்டுமே" என்றார். அழகுக்கு என்றால் தடையேது? அக்கா மாத்திரைப் பெட்டியைத் தேடி எடுத்து வைத்தார்.

வாசக சகோதர சகோதரிகளே! கல்லை வியப்போம், அதைப் படைத்தவனைப் புகழ்வோம். நோய்க்கு மருந்தை நாடுவோம்.