தூக்கிப் பார்த்து வாங்கிய வண்டி

வல்லம் வடகாலில் குடியிருக்கிறோம் என்று சொன்னால், இலக்கிய நண்பர்கள் உடனே பல்லவர் குடைவரையைப் பற்றி விசாரிப்பார்கள். அது செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள வல்லம். எங்கள் ஊர் திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் இருப்பது. இங்கே குடைவரை இல்லை; சிப்காட் தொழிற்பூங்கா இருக்கிறது. 'கால்' என்ற சொல்லுக்கு நீரோடும் வாய்க்கால் என்றும் பொருளுண்டு. ஊர்ப்பெயரை முகவரியில் எழுதும்போதெல்லாம் மனத்துக்குள் ஒரு வாய்க்கால் ஓடும்; சன்னலைத் திறந்தால் ஓடுவது ஷிஃப்ட் பேருந்து.

மோட்டார் சைக்கிள் பிறக்கும் ஊர் இது. யமஹா 2015-இலும் ராயல் என்ஃபீல்டு 2017-இலும் இங்கே தொழிற்சாலை திறந்தன. ஐம்பதுகளில் திருவொற்றியூரில் தொடங்கிய புல்லட்டின் கதை, 2013-இல் ஒரகடத்துக்கு வந்து, நான்கே ஆண்டுகளில் எங்கள் தெருமுனையை எட்டிவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒரு பழைய வண்டி வாங்க நாங்கள் அலைந்தோம் என்றால் சிரிப்பீர்கள். அலைந்த கதையைச் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் என்பது இருவர். ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் பள்ளியில் கணிதம் கற்பிப்பவர். இருவருக்கும் நாற்பது கடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்வெட்டும் குடைவரையும் நடுகல்லும் ஏரி மதகும் தேடிப் போவது பல்லாண்டுப் பழக்கம். இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று தெரியும்: பேருந்து நம்மை இறக்கிவிடும் இடத்துக்கும் கல் நிற்கும் இடத்துக்கும் நடுவே எப்போதும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மண்தடம் கிடக்கும். அந்தத் தூரத்தை எங்கள் நூறு சி.சி. வண்டியில்தான் கடந்துவந்தோம். ஒருவர் ஓட்டுவார், ஒருவர் பின்னால் அமர்வார். எவர் ஓட்டுவார் என்பதில் எங்களுக்குள் ஒருபோதும் கேள்வி எழுந்ததில்லை.

சென்ற ஐப்பசியில் ஓர் ஏரிக்கரை மேல் வண்டி சறுக்கியது. வேகம் அதிகமில்லை, நடந்துபோகிறவரை முந்தும் வேகம்தான். முதல்நாள் மழையில் களிமண் வழுக்கிக் கிடந்தது. தார்ச்சாலைக்கென்றே ஆன டயருக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. ஓட்டியவர் ஒரு சிராய்ப்போடு எழுந்துவிட்டார். பின்னால் இருந்தவருக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதன்பின் ஞாயிறுகளில் வீட்டிலேயே இருந்தோம். அந்த விபத்தைப் பற்றிப் பேசாமலிருக்க இருவருமே பெருமுயற்சி செய்தோம்.

கட்டுப் பிரித்த வாரத்தில் கணித ஆசிரியர் சொன்னார்: "இனிமேல் நான் பின்னால உட்கார மாட்டேன்."

இனி எங்கும் வருவதற்கில்லை என்று சொல்கிறார் என்றே தமிழாசிரியர் எண்ணினார். அதன் பொருள் அதுவன்று. "நானும் ஓட்டக் கத்துக்கிறேன். ரெண்டு பேரும் ஓட்டுற மாதிரி ஒரு வண்டி பாருங்க" என்பதே அதன் பொருள். உரையாசிரியர்களைப் படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர், இருபதாண்டு உடன் வாழ்ந்தவரின் ஒரு வரிக்குத் தவறாக உரை கண்டார்.

சிப்காட்டின் உட்சாலைகள் ஞாயிறு காலையில் வெறிச்சோடிக் கிடக்கும். அங்கே இரண்டு மாதம் பழகி, கியர் வண்டிக்கான உரிமமும் வாங்கியாயிற்று. அடுத்தது வண்டி.

எங்களுக்கு வேண்டியது தார்ச்சாலையில் நூறு கிலோமீட்டர் போய், மண்தடத்தில் ஐந்து கிலோமீட்டர் நுழைந்து, மாலையில் வீடு திரும்பக்கூடிய வண்டி. டூயல் ஸ்போர்ட் என்று சொல்கிறார்கள். 'ஈருருளி' என்று எழுதலாம். மெக்கானிக்கிடம் அப்படிச் சொன்னால் வேலை நடக்காது. இவ்வகை வண்டிகளின் முன்சக்கரம் பெரியது. அதன் காரணத்தைக் கணித ஆசிரியர் ஒரு தாளில் வட்டம் வரைந்து விளக்கினார். ஒரே அளவுள்ள கல்லைச் சிறிய சக்கரம் செங்குத்தாக முட்டுகிறது. பெரிய சக்கரம் சாய்வாகத் தொட்டு ஏறிவிடுகிறது. பதினேழு அங்குலத்துக்கும் இருபத்தொரு அங்குலத்துக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

கைவசம் இருந்தது ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய். புதிய வண்டி எட்டாது. பழையவற்றிலும் ஓசூரில் டி.வி.எஸ். தயாரித்த பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜி.எஸ். போன்றவை உதிரிபாக விலையை எண்ணிக் கழிந்துபோயின. எஞ்சியவை இரண்டு. ஒன்று ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். 2016-இல் அறிமுகமாகி, 2023-இல் 452 சி.சி. வண்டிக்கு இடம்கொடுத்து விடைபெற்ற 411 சி.சி. வண்டி. மற்றொன்று 2019-இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. மனம் ஹிமாலயன் பக்கம்தான் சாய்ந்தது. நம் பக்கத்து வண்டி, அகலமான இருக்கை, 15 லிட்டர் டாங்கி, 32 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. எக்ஸ்பல்ஸில் அந்த விசை ஏறத்தாழப் பாதிதான். முன்சக்கரம் இரண்டிலும் 21 அங்குலம். தரையிலிருந்து வண்டியின் அடிவயிற்றுக்கு இரண்டிலும் 220 மில்லிமீட்டர். ஆகவே பெரிய வண்டியே சிறந்த வண்டி என்று முடிவுகட்டிவிட்டுத் தேடலைத் தொடங்கினோம்.

எங்கள் பகுதியில் பழைய வண்டிக்குப் பஞ்சமில்லை. காரணம் மகிழ்ச்சிக்குரியதன்று. வெளிமாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இங்கே வேலைக்கு வருகிறார்கள். 2024-இல் பெண் தொழிலாளர்களுக்கு மட்டும் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு இவ்வூரில் திறக்கப்பட்டது என்பதைக் கொண்டு கூட்டத்தை ஊகிக்கலாம். முதல் சம்பளங்களில் தவணைக்கு வண்டி எடுப்பார்கள். ஒப்பந்தம் முடிந்தால் விற்றுவிட்டு ஊருக்குப் போவார்கள். தேநீர்க்கடைப் பலகையில் 'வண்டி விற்பனைக்கு' என்ற சீட்டு இல்லாத வாரம் இல்லை.

முதலில் பார்த்த வண்டி மின்னியது. எங்கள் தெரு மெக்கானிக் தம்பியை உடன் அழைத்துப் போயிருந்தோம். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. சற்று விலகி முன்னால் குந்தி அமர்ந்து, இரண்டு ஃபோர்க் குழாய்களையும் கண்ணால் ஒரு கோட்டில் வைத்துப் பார்த்தார். பிறகு ஹேண்டிலை இருபக்கமும் முழுதாகத் திருப்பி, அது முட்டி நிற்கும் இடத்தைத் தடவினார். "சார், இது பலமா விழுந்த வண்டி" என்றார். புதுப்பெயின்ட் பூசிய இடங்களைப் பார்க்க வேண்டாம், பூசாத இடங்களைப் பாருங்கள் என்பது அவருடைய பாடம்: எஞ்சினுக்குக் கீழுள்ள காப்புத்தகட்டின் பள்ளம், கால்வைக்கும் கம்பியின் தேய்வு, தட்டினால் ஒலி மாறும் ஸ்போக், முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் சிக்கும் கோன்செட். வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. குளிர்ந்த எஞ்சின் உண்மை பேசும். சூடேறிய எஞ்சின் சமாளித்துவிடும். பாடபேதம் பார்க்கிறவன் அச்சுப்பிரதியின் அழகில் மயங்கக்கூடாது என்று தமிழாசிரியர் தமக்குள் சொல்லிக்கொண்டார்.

நான்காவதாகப் பார்த்ததுதான் அந்த ஹிமாலயன். 2021-ஆம் ஆண்டு வண்டி. உரிமையாளர் தென்காசிப் பக்கத்து இளைஞர், இருபத்தாறு வயதிருக்கும். ஒப்பந்தம் முடிந்து அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறவர். ஒன்று முப்பது கேட்டார். ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் இருந்தது. நான்கு தவணை பாக்கி. அதைக் கட்டித் தடையின்மைச் சான்று பெற்று, படிவம் 35 கொடுத்து அந்தப் பெயரை நீக்கிய பிறகே 29, 30 படிவங்களில் பெயர் மாற்ற முடியும். இவற்றையெல்லாம் நாங்கள் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். வண்டியில் குறை ஏதும் தென்படவில்லை. மெக்கானிக் தம்பி கண்ணாலேயே சரியென்றார். ஒன்று இருபதுக்கு இறங்கி வருவார் என்று தோன்றியது. அவருக்கிருந்த அவசரம் எங்களுக்குச் சாதகம் என்ற எண்ணம் எங்களுக்குள் வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

அப்போது அவர் கேட்டார்: "ஓட்டப்போறது யாரு சார்?"

"ரெண்டு பேரும்" என்றோம்.

அவர் கணித ஆசிரியரின் மணிக்கட்டைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு வண்டியைச் சாலையோரப் புல்தரைக்குத் தள்ளிக்கொண்டுபோய், மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்தார். விற்க வந்தவர் தம் கையாலேயே வண்டியைத் தரையில் கிடத்தியதைப் பார்த்து நாங்கள் பதறிவிட்டோம்.

"தூக்கிப் பாருங்க டீச்சர். மண்ணுல விழாத வண்டி கிடையாது. ஆள் இல்லாத எடத்துல விழுந்தா நீங்கதான் தூக்கணும்."

தூக்கும் முறையையும் அவரே காட்டினார். எஞ்சினை அணைத்து முதல் கியரில் போட வேண்டும். அப்போதுதான் சக்கரம் உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் பக்கத்தாங்கியை முதலிலேயே விரித்துவிட வேண்டும். இல்லையேல் தூக்கிய வண்டி மறுபக்கம் சாய்ந்துவிடும். இருக்கையில் முதுகைச் சாய்த்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, சிறிய அடிகளாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். தூக்குவது கையல்ல, தொடை.

கணித ஆசிரியர் மூன்று முறை முயன்றார். வண்டி ஒரு சாண் எழுந்து திரும்பப் படுத்தது. தமிழாசிரியர் முயன்றார், மூச்சிரைக்கத் தூக்கி நிறுத்திவிட்டு, இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்தார். அந்த வண்டியின் எடை 199 கிலோ. அந்த எண்ணை ஐம்பது முறை படித்திருந்தோம். உடம்பால் படித்தது அன்றுதான். நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்த எடை நன்மை; எதிர்க்காற்றில் வண்டி அசையாது. ஈரமான ஏரிக்கரையில் நடைவேகத்தில் அதே எடை வேறு பொருள் தரும்.

"இது நல்ல வண்டி டீச்சர். உங்களுக்கு வேண்டாம்" என்றார். அவருக்குப் பணம் வேண்டியிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தைப் படியுங்கள்.

அவரே தம் அறைத்தோழரின் எக்ஸ்பல்ஸைக் காட்டினார். 2019-ஆம் ஆண்டு வண்டி; எடை 154 கிலோ. கணித ஆசிரியர் இரண்டாம் முயற்சியில் தனியாகத் தூக்கி நிறுத்தினார். அவர் முகத்தில் அப்போது இருந்ததை வருணிக்கத் தமிழில் சொல் இருக்கும், எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இதிலும் இழப்பு உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். இருக்கையின் உயரம் ஹிமாலயனில் 800 மில்லிமீட்டர், இதில் 823. நிற்கும்போது அவருக்கு முன்பாதம் மட்டுமே தரை தொடுகிறது. பின்னிருக்கை ஒடுக்கம். இருவரையும் சுமந்து நெடுஞ்சாலையில் விரைந்தால் எஞ்சின் திணறுகிறது. டயர் டியூப் உள்ளது. ஆகவே நெம்புகோலும் காற்றடிக்கும் பம்பும் பையில் எப்போதும் இருக்க வேண்டும். எழுபத்திரண்டாயிரம் கேட்டார்கள். பேரம் பேச வாய் வரவில்லை. கொடுத்துவிட்டோம்.

மாசியில் ஒரு ஞாயிறு மாமண்டூர் போனோம். காஞ்சிபுரம் தாண்டி, பாலாறு கடந்து, வந்தவாசிச் சாலையில் தூசிக்கு அருகே இருக்கிறது. சித்திரமேக தடாகம் என்று பெயர்பெற்ற பேரேரி. அதையொட்டிய குன்றில் நான்கு குடைவரைகள். ஒன்றில் சிதைந்த கல்வெட்டு. மகேந்திரவர்மனின் மத்தவிலாசப் பிரகசனத்தைக் குறிப்பிடுவது. ஆயிரத்து நானூறு ஆண்டு ஈரத்திலும் வெயிலிலும் பாதி அழிந்த எழுத்துகளின் முன் நெடுநேரம் நின்றோம். திரும்பும்போது கணித ஆசிரியர் ஓட்டினார். மணல் திட்டொன்றில் முன்சக்கரம் புதைந்து வண்டி மெல்லச் சாய்ந்தது. பின்னால் இருந்தவர் குதித்திறங்கி உதவிக்கு ஓடினார்.

"கிட்ட வராதீங்க" என்ற குரல் கேட்டது. வராமல் நின்றோம், அதாவது, எங்களில் ஒருவர் நின்றார். மற்றவர் எஞ்சினை அணைத்தார், கியரைப் போட்டார், முதுகைச் சாய்த்தார், தூக்கினார்.

அன்றிரவு தென்காசித் தம்பியைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னோம். மகிழ்ந்தார். அவருடைய வண்டி என்னவாயிற்று என்று கேட்டோம். வியாபாரி ஒருவரிடம் ஒன்று ஐந்துக்குக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம். நாங்கள் கொடுக்க இருந்ததைவிடப் பதினைந்தாயிரம் குறைவு. "பரவாயில்ல டீச்சர், அது போயிருச்சு, விடுங்க" என்றார்.

இவ்வகை வண்டி வாங்க எண்ணும் நண்பர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே. ஓட்டிப் பார்ப்பதற்கு முன் படுக்க வைத்துத் தூக்கிப் பாருங்கள். விற்பவர் அனுமதிக்க மாட்டார்தான். அனுமதித்த ஒருவரைச் சந்தித்தோம். அந்தப் பதினைந்தாயிரத்தை அவரிடம் எப்படிச் சேர்ப்பது, சேர்த்தால் வாங்கிக்கொள்வாரா என்று இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். கோடை விடுமுறையில் தென்காசி வரை போவதாக ஒரு திட்டம் இருக்கிறது. எக்ஸ்பல்ஸில் அது நெடிய பயணம். ஆளுக்குப் பாதி ஓட்டினால் போய்விடலாம்.