திருப்பிக் கொடுத்த 90 வெள்ளி

கெட்டுப்போன ஒரு பவர் சப்ளையைச் சரியாகச் சோதிக்காமல், கையில் காசில்லாத ஒரு வீட்டின் கணினியில் வைத்தேன். அந்தக் கணினி எரிந்தது. எரிந்ததற்கு நான்தான் காரணம் என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகும் பழியை 17 வயதுப் பையன் தலையில் போட்டேன். முதலாவது கவனக்குறைவு. இரண்டாவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

நான் மலேசியாவின் பாகான் செராய்க்காரன். ஓய்வு பெறும்வரை ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணி வேலை. என் அப்பாவும் கிராணிதான், ரப்பர் காலத்தில். கிரியான் மாவட்டம் என்றால் எல்லாருக்கும் நெல் வயல்தான் ஞாபகம் வரும். எங்கள் ஆட்களை இங்கே கொண்டுவந்தது நெல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கமெல்லாம் கரும்புத் தோட்டம். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செக்ரோல் மட்டும் போகவில்லை. யார் காலைப் பிரட்டுக்கு வந்தார், யாருக்கு எத்தனை நாள் சம்பளம், எவ்வளவு பிடித்தம் என்று அதில் எழுதுகிறவர் கிராணி. சம்பள நாளில் கிராணி கொடுத்த காசை அவர் கண்ணெதிரே யாரும் எண்ணிப் பார்த்து நான் கண்டதில்லை. லயத்துக்குப் போய்த்தான் எண்ணுவார்கள். குறைந்திருந்தாலும் திரும்பி வந்து கேட்கிறவர்கள் மிகச் சிலர். இதை மரியாதை என்று நினைத்து வளர்ந்தவன் நான். அது பயம்.

தோட்ட ஆபீசுக்குக் கணினி வந்தபோது சம்பளக் கணக்கை அதில் ஏற்றியது நான். அந்தப் பேர் ஓய்வுக்குப் பிறகும் நான் குடியிருக்கும் தாமான் வரை கூடவே வந்தது. யார் வீட்டில் கணினி நின்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். நான் காசு வாங்கமாட்டேன். அது நல்ல குணம் என்றுதான் ஊரில் பேச்சு. உண்மை என்னவென்றால், காசு வாங்கினால் கேள்வி வரும். வாங்காதவரைக்கும் நான் சொன்னதுதான் முடிவு.

அந்த அம்மாவின் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வரிசை தள்ளி. அவருடைய பெற்றோர் என் அப்பா செக்ரோல் எழுதிய தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். கணவர் இல்லை. துப்புரவு வேலை. அந்த வருசம் மகன் ஐந்தாம் படிவம், மகள் ஐந்தாம் ஆண்டு. 2021 ஜூன் 1-ஆம் தேதி நாடு முழுவதும் கோவிட் முடக்கம் வந்தது. பள்ளிகள் மூடியே கிடந்தன. பாடம் கூகல் மீட்டில். அந்த வீட்டில் இருந்ததெல்லாம் ஒரு பழைய மேசைக் கணினியும் அம்மாவின் கைப்பேசியும்தான். அம்மா வேலைக்குப் போனால் கைப்பேசியும் கூடவே போய்விடும்.

ஜூலை கடைசியில் ஒரு சாயங்காலம் பெரிய இடி. எங்கள் ஊரில் இது புதிதில்லை. உலகத்தில் மின்னல் அதிகம் விழும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. விளக்குகள் ஒருமுறை மங்கித் திரும்பின. அந்த வீட்டுக் கணினி திரும்பவில்லை.

ஆகஸ்டில் அந்த அம்மா 800 வெள்ளியோடு வந்தார். இபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதியிலிருந்து ஐ-சித்ரா திட்டத்தில் மாதம் 1,000 வீதம் 5,000 வரை எடுக்க அரசாங்கம் அனுமதித்திருந்த நேரம் அது. முதுமைக்கு வைத்திருந்த காசு. முதல் மாதம் வந்த ஆயிரத்தில் 800-ஐ அப்படியே என் மேசையில் வைத்தார்.

"கிராணி அண்ணே, நீங்களே பாத்து வாங்கிக் குடுங்க. எனக்கு என்னா தெரியும்."

அப்போது நல்ல வழி ஒன்று இருந்தது. கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் கணினிகளைத் துடைத்துச் சரிபார்த்து விற்கிறவர்கள் உண்டு. 600, 700 வெள்ளிக்கு முழுப் பெட்டி. பவர் சப்ளை அதிலேயே இருக்கும். சில மாத உத்தரவாதமும் உண்டு. உலகம் முழுக்கச் சிப் தட்டுப்பாடு, புது மடிக்கணினி கைக்கு எட்டாத விலை. அந்த நிலைமையில் கையில் 800 இருப்பவருக்கு அதுதான் வழி. மாவட்டம் தாண்டிப் போக அனுமதி இல்லாவிட்டாலும் தபாலில் வந்துவிடும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் செய்யவில்லை. பெட்டியைப் பிரித்து மேசையில் வைப்பதில் என் வேலை என்று என்ன இருக்கிறது? நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினால்தான் அது நான் செய்த கணினி.

பூட்டினேன். பழைய மதர்போர்டு, பிராசசர், ரேம் மூன்றும் ஒரு செட்டாக 430. புது எஸ்எஸ்டி 130. வெப்கேம் 75. வைஃபை டாங்கிள் 25. தபாலும் சில்லறைச் சாமானும் 50. மொத்தம் 710. பழைய பெட்டியும் திரையும் அப்படியே இருந்தன. பவர் சப்ளையும் பழையதுதான். இடி விழுந்த அன்று வேலை செய்துகொண்டிருந்த அதே பவர் சப்ளை.

அதை நான் எப்படிச் சோதித்தேன் என்று சொல்ல வேண்டும். தனியே கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பியால் இணைத்தேன். உள்ளே மின்விசிறி சுற்றியது. "நல்லாருக்கு" என்று எடுத்து வைத்துவிட்டேன். விசிறி சுற்றினால் மின்சாரம் வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். சரியான அளவில் வருகிறதா என்று அது சொல்லாது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது மஞ்சள் வயரில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 11.4-க்குக் கீழேயோ 12.6-க்கு மேலேயோ காட்டினால் அதைத் தூக்கிப் போட வேண்டும். மல்டிமீட்டர் அதே மேசை இழுப்பறையில் இருந்தது. ஒரு வாடையும் அடித்தது. லேசான மீன் வாடை. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் கசிந்தால் அந்த வாடை வரும் என்று எனக்குத் தெரியும். யார் வீட்டிலோ கருவாடு பொரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாடை மேசையிலிருந்துதான் வந்தது.

ஏன் இழுப்பறையைத் திறக்கவில்லை? பல வருசம் யோசித்தும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. கெட்டுவிட்டது என்று தெரிந்தால் புதிது வாங்க வேண்டும். நம்பிக்கையான புது பவர் சப்ளை 120 வெள்ளி. மிச்சம் 90 போக இன்னும் 30 வெள்ளி வேண்டும் என்று அந்த அம்மாவிடம் போய் நிற்க வேண்டும். நானோ மீதிக் காசைத் திருப்பிக் கொடுக்கும் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்திருந்தேன். அதை விட எனக்கு மனமில்லை.

அப்படியே நடந்தது. கணினியைக் கொண்டுபோய்ப் பூட்டி, திரையில் வெளிச்சம் வந்ததும், சட்டைப் பையிலிருந்து 90 வெள்ளியை எடுத்து நீட்டினேன். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். எண்ணிப் பார்க்கவில்லை. பையன் புது வெப்கேமில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். நான் காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

செப்டம்பரில் ஒரு ராத்திரி அது வெடித்தது. பெரிய சத்தமில்லை, "டப்" என்று ஒரு சத்தமும் புகையும் என்று பையன் சொன்னான். மறுநாள் காலையில் போனேன். பெட்டியைத் திறந்து பவர் சப்ளையின் மூடியைக் கழற்றினேன். மூன்று கெப்பாசிட்டர்களின் தலை உப்பி, ஒன்று பிளந்திருந்தது. அடியில் காய்ந்துபோன பழுப்புக் கறை. நேற்று ராத்திரி வழிந்தது அவ்வளவு காய்ந்து கிடக்காது. அது பழைய கசிவு. ஆகஸ்டில் நான் மூடியைத் திறந்திருந்தாலே பார்த்திருக்கலாம். போகிற போக்கில் அது மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் கொண்டுபோய்விட்டது. பையன் எழுதி வைத்திருந்த குறிப்புகள், சரித்திரப் பாடக் கோப்புகள், ஆசிரியர்கள் அனுப்பிய பயிற்சிகள் எல்லாம் அதில்தான் இருந்தன. வேறு இடத்தில் பிரதி எடுத்து வைக்க நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த அம்மா எனக்குப் பின்னால் நின்றார். பையன் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"என்னாண்ணே ஆச்சு?"

இங்கேதான் நான் நின்றிருக்க வேண்டும். "நான் வச்ச சாமான் கெட்டது, என் தப்பு" என்று சொல்ல நேரம் இருந்தது. வார்த்தையும் இருந்தது. நான் மூடியைத் திரும்ப வைத்து அழுத்தினேன். பிறகு சொன்னேன்:

"ராத்திரியெல்லாம் ஓடவிட்டா சூடேறிடும். தம்பி கேம் விளையாடுறானா?"

அதை நான் கேள்வியாகத்தான் கேட்டேன். பொய் சொல்லவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொள்ள அந்தக் கேள்விக்குறி உதவியது. ஆனால் அந்த வீட்டில் கிராணி கேட்டால் அது கேள்வி இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

அந்த அம்மா அவனை அடித்தார். கன்னத்தில் ஒன்று, முதுகில் பல. "என் இபிஎஃப் காசுடா, என் இபிஎஃப் காசுடா" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். "இல்லம்மா, படிச்சிக்கிட்டுதான் இருந்தேன்" என்றான். என்னைப் பார்த்தான். நான் திருப்புளியை எடுத்து ஆணியை முறுக்கினேன். நாலு ஆணி. எல்லாவற்றையும் முறுக்கி முடிக்கும்வரை தலை தூக்கவில்லை. பிறகு, "விடுங்க, சின்னப் பையன்" என்றேன். அதற்கும் அந்த அம்மா எனக்கு நன்றி சொன்னார்.

பவர் சப்ளையை நானே கையோடு எடுத்து வந்துவிட்டேன், "போட்டுர்றேன்" என்று சொல்லி. வேறு யாரும் திறந்து பார்த்துவிடக் கூடாது.

அப்போது எனக்கு நிலைமை தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020-இல் கல்வி அமைச்சு பெற்றோர்களிடம் எடுத்த கணக்கில் 36.9 விழுக்காடு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று வந்தது. பேப்பரில் படித்து, என் வீட்டுக்கு வந்தவர்களிடம் நானே அதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறேன். 500 பள்ளிகளில் 150,000 பிள்ளைகளுக்குக் கருவி கொடுக்கும் சேர்டிக் திட்டம் அறிவித்தார்கள். இந்தப் பையனுக்கு அதில் ஒன்றும் வரவில்லை. அந்த வீட்டில் ஒரு கணினி நிற்பதற்கு என்ன அர்த்தம் என்று இந்தத் தாமானில் என்னைவிடத் தெரிந்தவர் இல்லை.

கணினி எரிந்த பிறகு, அம்மா வேலை முடிந்து வந்ததும்தான் அவன் கைப்பேசியில் பாடம் பார்த்தான். அதற்குள் வகுப்பு முடிந்திருக்கும். தங்கச்சிக்கும் அதே கைப்பேசிதான். அக்டோபரில் தேர்வு வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது, அதுவும் பாதிப் பாதியாக, வாரம் விட்டு வாரம். 2022 மார்ச்சில் ஐந்தாம் படிவத்தின் எஸ்பிஎம் தேர்வு எழுதினான். கூடுதல் கணிதமும் இயற்பியலும் போய்விட்டன. மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை. விடியுமுன் வந்து ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸில் பிறைக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனான். இப்போது அங்கேயே தங்கியிருக்கிறான்.

இதெல்லாம் என்னால்தான் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வதும் ஒரு பெருமைதான். அந்த வருசம் எத்தனையோ பிள்ளைகள் தடுமாறினார்கள். ஆனால் இன்னொரு சேதம் முழுக்க முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து அந்த அம்மா மகன் பேச்சை நம்பவில்லை. கைப்பேசியைக் கொடுக்கும்போதெல்லாம் "கேம் விளையாடாத" என்று சொல்லித்தான் கொடுப்பார். தேர்வு முடிவு வந்த அன்றும் அதைத்தான் சொன்னார். சொந்தக்காரர்கள் முன்னாலும் சொன்னார். அவன் மறுத்துப் பேசுவதை விட்டுவிட்டான். இதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், தீபாவளிப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு.

போன வருசம், 2025 அக்டோபரில், அந்த அம்மா திரும்பவும் வந்தார். மகள் மூன்றாம் படிவம், அடுத்து நான்காம் படிவம் போகிறாள், கணினி வேண்டும். 900 வெள்ளி. "நீங்களே பாத்து வாங்கிக் குடுங்கண்ணே." நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காசு ஒரு ராத்திரி என் அலமாரியில் இருந்தது. அந்த ராத்திரி என்ன மாடல் வாங்கலாம் என்றுதான் முதலில் யோசித்தேன்.

மறுநாள் 900-ஐத் திருப்பிக் கொண்டுபோனேன். கூட 710 என் காசு. நடந்ததை எல்லாம் சொன்னேன், மீன் வாடை உட்பட. அந்த அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒன்று கேட்டார்.

"அப்ப நான் அவன அடிச்சது?"

என்னிடம் பதில் இல்லை. அவர் 710-ஐ எடுத்தார். என் எதிரிலேயே எண்ணினார். நிதானமாக, ஒவ்வொரு நோட்டாக. முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"இது கம்ப்யூட்டர் காசு, வாங்கிக்கிறேன். அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்திருந்தான். சொன்னேன். இடையில் குறுக்கே பேசவில்லை.

"மூடியத் தொறந்ததுமே தெரிஞ்சிருச்சா அங்கிள்?"

"தெரிஞ்சிருச்சு தம்பி."

"அம்மா அடிக்கும்போது தெரியும்."

"தெரியும்."

தலையை ஆட்டினான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. "சரி அங்கிள், வேலை இருக்கு" என்று எழுந்து மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. பேச வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

தங்கச்சிக்கான கணினியை அவனே வாங்கினான். அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததால், விண்டோஸ் 11 ஏற்க முடியாத கணினிகள் சந்தையில் மலிவாகக் குவிந்திருந்தன. விலையைப் பார்த்து அதில் ஏமாறவில்லை. பழைய ஆபீஸ் கணினிதான், ஆனால் விண்டோஸ் 11 ஏற்கும் எட்டாம் தலைமுறை பிராசசர், எழுத்தில் ஓராண்டு உத்தரவாதம், பில் அம்மா பேரில். இடிக்குத் தாங்கும் பிளக் பாயிண்ட்டும் ஒன்று சேர்த்து வாங்கியிருக்கிறான். இதெல்லாம் அந்த அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.