மழை இறங்கிவிட்டது, மண்வெட்டியை எடுங்கள்

கற்பிட்டிப் பக்கம் ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. எங்கள் கடற்கரை மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. காலையில் கொட்டிய மழையின் ஈரம் பின்னேரம் மேல்மணலில் இருக்காது.

அதனால் தென்னந்தோட்டத்தில் முதல் வேலை பொச்சுமட்டை புதைப்பதுதான். மரங்களுக்கு நடுவே கிடங்கு வெட்டி, மட்டையின் குழிவுப் பக்கம் மேலே பார்க்க அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் மண் போட்டு மூடுங்கள். ஊறிய மட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் வடியும். மாசி, பங்குனி வெயிலில் மரத்துக்குக் கைகொடுப்பது அந்த ஈரம். விழுந்த ஓலையையும் எரிக்காமல் மரத்தடியில் பரப்புங்கள். தென்னம்பிள்ளை நடவும் இதுவே காலம்.

உரம், மண் நன்றாக நனைந்த பிறகு போடலாம். அடைமழையில் வேண்டவே வேண்டாம். நம் மணலில் யூரியா கரைந்து நேரே கிணற்றுக்குப் போகும். கற்பிட்டி நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் எப்போதோ சொல்லிவிட்டன. அந்தத் தண்ணீரைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையம் நம் மாவட்டத்திலேயே, லுணுவிலவில் இருக்கிறது. அளவைக் கேட்டுவிட்டு உரம் போடுங்கள்.