மேசை யாருக்கு?

ஒரு குடும்பம் யாருடைய உழைப்பை உழைப்பென்று மதிக்கிறது என்பதை அறிய விரும்பினால், அவ்வீட்டில் மேசை யாருக்காகப் போடப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் போதும். கட்டில் உறங்குவோர் அனைவருக்கும் உரியது. அலமாரி துணிமணிகளுக்கு உரியது. மேசையோ, 'இங்கே ஒருவர் அமர்ந்து வேலை செய்கிறார், அவரைக் குலைக்காதீர்கள்' என்று வீட்டாருக்குச் சொல்லாமல் சொல்லும் பொருள். மகளுக்குச் சீர் கொடுக்கும்போது கட்டில் முதல் கரண்டி வரை கணக்கிட்டு வாங்கும் நாம், எழுதுமேசை ஒன்றை அப்பட்டியலில் சேர்ப்பது அரிது.

மேசை நம்மிடம் பிந்தி வந்த பொருள்தான். அச்சொல்லே போர்த்துக்கீசிய மொழி தந்தது. அலமாரியும் சாவியும்கூட அவ்வழியே வந்தவை. அதற்கு முன் நம் முன்னோர் எழுதாமலா இருந்தார்கள்? ஓலையை இடக்கையில் ஏந்தி, எழுத்தாணியை வலக்கையில் பற்றி எழுதியவர்களுக்கு மேசை தேவைப்படவில்லை. பாயில் அமர்ந்து குர்ஆன் ஓதுவதற்கு, ஒரே பலகையைக் குடைந்து செய்த, விரித்தால் கத்தரிபோல் நிற்கும் ரேஹால் போதுமானதாயிருந்தது. சென்னை மண்ணடியில் என் வாப்பா கணக்கெழுதிய மேசையின் உயரம் ஓரடிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, சாய்வான அதன் மூடிமீது பேரேட்டை விரித்து எழுதுவார்கள். மூடியைத் தூக்கினால் உள்ளே மைக்கூடும் ரசீதுகளும் இருக்கும். ஓலை, ரேஹால், கணக்கு மேசை ஆகிய மூன்றிலும் ஓர் ஒழுங்கு உண்டு. உட்காரும் முறையும் செய்யும் வேலையும் முதலில் முடிவாயின. பொருள் அவற்றுக்கேற்பப் பிறகு அமைந்தது.

வாப்பாவின் அந்தக் கணக்குத் தொழில், ஒரு தலைமுறை தாண்டி என் மகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வணிகவியல் பட்டம் பெற்ற அவள், காயல்பட்டினத்தில் வீட்டிலிருந்தபடியே வெளியூர்க் கடைகள் மூன்றுக்குக் கணினியில் கணக்குப் பார்த்து அனுப்புகிறாள். எங்கள் ஊரில் பெண் மணமாகி மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகளுக்கு வீடு கொடுப்பது வழிவழியாக வரும் வழக்கம். ஆகவே வீடு அவளுடையது. எனினும் அவ்வீட்டில் அவளுக்கென்று நான்கடி மேசை ஒன்று இல்லை. குழந்தை உறங்கிய பின்னர்க் கட்டிலில் அமர்ந்து, தலையணைமேல் கணினியை வைத்து நள்ளிரவு வரை வேலை செய்வாள். கழுத்து வலியும் மணிக்கட்டு வலியும் வந்தன. மருத்துவர் மருந்தெழுதுமுன் கேட்ட முதற் கேள்வி, "எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள்?" என்பதே.

அவ்வேளையில் என் மகன் சென்னையில் தன் புதிய அலுவலகத்துக்கு மேசை பார்த்துக்கொண்டிருந்தான். ஆறடி நீளம், கண்ணாடி மேற்பரப்பு. வருகிறவர்களுக்கு ஒரு மதிப்புத் தோன்ற வேண்டுமாம். தங்கைக்கும் ஒரு மேசை வேண்டும் என்று நான் சொன்னபோது, "சாப்பாட்டு மேசை சும்மாதானே இருக்கிறது, வாப்பா?" என்றான். அதற்கு அவன் உம்மா சொன்ன விடை என்னால் மறக்க முடியாதது.

"அதில் மூன்று வேளை சோறு வைக்க வேண்டும். மூன்று வேளையும் அவள் கணக்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். உன் அலுவலகத்தில் யாராவது வந்து, 'மேசையைக் காலி செய், இலை போடப் போகிறோம்' என்றால் நீ எழுந்திருப்பாயா?"

மகன் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, தனக்கு வாங்கும் கடையிலேயே அவளுக்கும் ஒன்று வாங்கி அனுப்புவதாகச் சொன்னான். அன்பான சொல்தான். ஆனால் மேசை அளவெடுத்துத் தைக்கும் சட்டையைப் போன்றது. அண்ணனுக்குப் பொருந்துவது தங்கைக்குப் பொருந்தாது.

மேசைகளைப் பொதுவாக 29 அல்லது 30 அங்குல உயரத்தில் செய்கிறார்கள். அது உயரமான ஆடவருக்கு ஏற்றது. என் மகளின் உயரம் ஐந்தடி. பாதங்கள் தரையில் படிய, தோள்கள் தளர்ந்திருக்க, முழங்கையை மடித்து அவளை அமரச் செய்து அளந்தபோது, தரையிலிருந்து முழங்கை வரை இருபத்தைந்தரை அங்குலம் இருந்தது. மேசைப் பரப்பு அவ்வளவிலோ, சற்றே கூடுதலாகவோ இருக்க வேண்டும். 30 அங்குல மேசையில் அவள் நாள் முழுதும் தோள்களைத் தூக்கியபடியே எழுத நேரும். நாற்காலியை உயர்த்தினால் கால்கள் தொங்கும். கீழே பலகை வைக்க வேண்டிவரும். ஆகவே 26 அங்குலம் என முடிவு செய்தோம். அகலம் இரண்டடி, அப்போதுதான் திரை கண்ணிலிருந்து ஒரு கை நீளத்துக்கு அப்பால் நிற்கும். கணினியைச் சிறு மணைமீது உயர்த்தி, தட்டச்சுப் பலகையைத் தனியே கீழே வைத்தால், கழுத்து குனிய வேண்டியதில்லை.

இழுப்பறையை மடிக்கு நேர் மேலே அமைப்பது பலர் கவனியாத தொல்லை. குட்டையான மேசையில் அது தொடையை இடிக்கும். பக்கவாட்டில் அமைப்பதே நன்று.

அடுத்தது மரம். கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றுள் பல, மரச்சீவலையும் தூளையும் பசையிட்டு அழுத்திய பலகையால் ஆனவை. ஈரம் படாத மாடி அலுவலகத்துக்கு அவை போதும். கடலோர ஊரில், ஈரக்காற்று நுழையும் வீட்டில், அவற்றின் விளிம்பு ஊதிப் போகும். ஒருமுறை கழன்ற திருகாணி மறுபடி இறுகிப் பிடிக்காது. இரும்பு மேசையோ உப்புக் காற்றில் துருவேறும். எங்கள் பழைய கூடத்தைத் திருத்தியபோது எடுத்து வைத்த தேக்குக் கதவு ஒன்று கொல்லையறையில் இருந்தது. தேக்கில் இயல்பாக உள்ள எண்ணெய்ப் பசை கரையானை அண்டவிடாது. பல்லாண்டு காய்ந்த மரம் எளிதில் வளையாது. உள்ளூர் ஆசாரியார் அதை அறுத்து இழைத்து, கால்களையும் சட்டத்தையும் ஆணியில்லாமல் கழுந்தும் துளையுமாகப் பொருத்தித் தந்தார். "எல்லாருக்கும் 30 அங்குலந்தானே போடுவேன்" என்று முதலில் தயங்கியவர், அவள் அமர்ந்து பார்த்ததைக் கண்டதும் தலையசைத்தார்.

இழுப்பறைக்குப் பூட்டு வேண்டும் என்று மகள் கேட்டாள். வீட்டில் சிலர் முகம் மாறியது. "வீட்டுக்குள் பூட்டு எதற்கு?" என்றார் ஒரு பெரியவர். "பிறர் கடைக் கணக்கு என்னிடம் அமானிதமாக இருக்கிறது, பெரியவாப்பா" என்றாள் அவள். அச்சொல்லுக்கு மேல் யாரும் பேசவில்லை. பூட்டு வைக்கப்பட்டது.

மேசை வந்த பின் அதற்கு இடம் பார்க்க வேண்டும். வலக்கையால் எழுதுவோருக்குச் சாளரம் இடப்பக்கம் அமைவது நல்லது. எழுதும் கையின் நிழல் தாளில் விழாது. சாளரம் திரைக்குப் பின்னே இருந்தால் கண் கூசும். எதிரே இருந்தால் அதன் ஒளி திரையில் விழுந்து எழுத்தை மறைக்கும். பக்கவாட்டு ஒளியே இரண்டுக்கும் தகும்.

இத்தனை நுட்பம் பார்ப்பது ஆடம்பரமல்லவா என்று கேட்கலாம். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1809 முதல் வாழ்ந்த சாட்டன் கிராமத்து வீட்டில், அவருடைய எழுதுமேசையை இன்றும் காணலாம். அக்ரூட் மரத்தாலான, பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட, மிகச் சிறிய மேசை அது. உலகம் போற்றும் நாவல்களுக்கு அவ்வளவு இடம் போதுமாயிருந்தது. நமக்குள்ளேயே, மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே பள்ளி சென்ற நாகூர் சித்தி ஜுனைதா பேகம், 1938இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார். பெண்ணின் எழுத்துக்கு மாளிகை தேவைப்பட்டதில்லை. அவள் செய்வது வேலை என்று வீட்டார் ஏற்றுக்கொள்வதே தேவை. மேசை அந்த ஏற்பின் அடையாளம்.

அலுவலகத்துக்கும் இதே விதிதான். மேசையைக் கண்டு மதிப்பவர் ஒருநாள் வந்து போவார். அதன்முன் அமர்பவர் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருப்பார். என் மகன் இறுதியில் கண்ணாடியை விட்டுவிட்டு, நான்கரை அடியில் மரப்பரப்பையே தேர்ந்தான். தன் முழங்கையை அளந்துகொண்டுதான் கடைக்குப் போனானாம்.

மேசை வாங்கச் செல்லும் அன்பர்கள் விலை கேட்குமுன் தம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நலம். யார் அமரப் போகிறார்? என்ன வேலை செய்யப் போகிறார்? எத்தனை மணி நேரம் அமர்வார்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் நீளமும் உயரமும் மரமும் தாமே அமைந்துவிடும்.

இப்போது எங்கள் வீட்டில் காய்ந்த துணியை யாரும் அந்த மேசைமீது போடுவதில்லை. நான்கு வயதுப் பேரன்கூட, "உம்மா மேசையில் இருக்காங்க" என்று சொல்லி என்னிடம் விளையாட வந்துவிடுகிறான். மகளுக்கு வீட்டையே கொடுத்த நம் முன்னோரின் கை பெரியது. அவ்வீட்டில் அவள் அமர்ந்து வேலை செய்ய நான்கடி இடம் ஒதுக்கித் தருவது நம் தலைமுறையின் பங்காக இருக்கட்டும்.