தொடாதேடா!

கோவில்பதாகை வீட்டுப் பரணில் பல வருஷமாகக் கிடந்தது அப்பாவின் வால்வு ஆம்ப்ளிஃபையர். மெல்லிசைக் கச்சேரிகளில் கிடார் வாசித்த காலத்தில் வாங்கியது. கல்லூரியில் படிக்கும் என் மகன் அதைத் துடைத்து, கிடாரைச் செருகினான். 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல்.

"வால்வு போயிருக்கும்" என்றேன். அவன் வால்யூமை முழுசாகக் குறைத்தான். இரைச்சல் குறையவில்லை. "அப்போ பவர் சப்ளைதான்ப்பா" என்றவன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே கை வைக்கப் போனான்.

"தொடாதேடா!" என்று அலறினார் அப்பா. "பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டர்ல 300 வோல்ட் நிக்கும். ஆளையே கொன்னுடும்!"

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் வலது கை சரியாக வேலை செய்வதில்லை. அவர் சொல்லச் சொல்ல, மகன் செய்தான். ரெசிஸ்டர் வழியாக மின்சாரத்தை இறக்கி, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகுதான் தொடவே விட்டார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய புது கெப்பாசிட்டரைப் பற்ற வைத்தான். பழைய ரெண்டு பின் ஒயருக்குப் பதிலாக, எர்த்தோடு மூணு பின் ஒயரும் போட வைத்தார்.

ஸ்விட்சைப் போட்டதும் வால்வுகள் மெல்லச் சிவந்தன. இரைச்சல் இல்லை. மகன் ஒரே ஒரு கார்டு வாசித்தான்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வைடா" என்றார் அப்பா. அவருடைய இடது கை விரல்கள் நாற்காலிக் கையில் அதே கார்டைப் பிடித்திருந்தன.