வாடிக்கையாளர் கூட்டமா, ஜமாஅத்தா?

செங்கோட்டைக்கு அருகே பிரானூரில் 'பார்டர்' என்று வழங்கும் ஓரிடம் உண்டு. 1956-ஆம் ஆண்டு நவம்பரில் செங்கோட்டை நம் மாநிலத்தோடு இணைவதற்கு முன்னர், திருவிதாங்கூரின் எல்லை அங்குதான் இருந்தது. எல்லை மேற்கே நகர்ந்துவிட்டது, பெயர் நகரவில்லை. அவ்விடத்து ரஹ்மத் கடையின் பரோட்டாவையும் நாட்டுக்கோழியையும் நாடிச் சாரல் காலத்தில் வரும் கூட்டத்தை அறியாதவர் நம் வட்டாரத்தில் இரார். ஐந்தருவியில் குளித்தவர்கள் தலை துவட்டியும் துவட்டாமலும் வந்து இடம் பிடிக்கக் காத்து நிற்பர். இக்கூட்டத்தைச் சேர்த்தது விளம்பரப் பலகை அன்று. வந்து உண்டவர் ஊர் திரும்பி மாமன் மச்சானிடம் சொன்ன சொல். இன்று தமிழகத்தின் பல ஊர்களில் 'பார்டர்' என்னும் பெயர் தாங்கிய பரோட்டாக் கடைகளைக் காண்கிறோம். எல்லையே இல்லாத ஊர்களில் எல்லைக் கடைகள்!

வாயும் செவியும் செய்த இவ்வேலையை இணைய வணிகர் இன்று ஒரு கலையாகவே பயில்கின்றனர். இணையக் கடைக்குத் திண்ணை இல்லை. திண்ணை இல்லாத இடத்தில் பேச்சும் இல்லை. ஆகவே வாங்கியவர்களை ஒன்று சேர்த்துத் தமக்குள் பேசவிடுகிறார்கள். அதற்குக் 'கம்யூனிட்டி' என்று பெயர் சூட்டுகிறார்கள். இணையத்துக்கு முன்பே இதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் தன் மோட்டார் சைக்கிளை ஓட்டுவோருக்கென 1983-இல் ஒரு சங்கம் அமைத்தது. சீனத்தின் ஷாவ்மி, 2010-இல் கைப்பேசி ஒன்றையும் விற்கத் தொடங்குமுன்னரே, தன் மென்பொருளைச் சோதித்துக் குறை சொல்ல நூறு ஆர்வலரைச் சேர்த்துக்கொண்டது. 2014-இல் அது இந்தியாவுக்கு வந்தபோது, கடைவீதியில் இறங்காமல் இணையத்திலேயே விற்றது. நம் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கிவரும் ஸோஹோ நிறுவனத்தார் உலகெங்கும் விற்கும் மென்பொருள்களுள், வாடிக்கையாளரின் பெயர், வாங்கிய பொருள், எழுப்பிய புகார் ஆகியவற்றைக் குறித்து வைப்பவையும் உள்ளன. நம் பாட்டனார் காலத்து மளிகைக் கடையின் பற்று வரவு நோட்டுக்கு அவை பேரப்பிள்ளைகள் எனலாம்.

ஆயினும் 'கம்யூனிட்டி' என்ற சொல்லை நாம் அவ்வளவு எளிதாக விழுங்க இயலவில்லை. நம் மக்களிடையே ஜமாஅத் என்றால் அதற்கு ஒரு கனம் உண்டு. மையித்தைத் தூக்குவதும், மணமுடித்து வைப்பதும், வழக்குத் தீர்ப்பதும் ஜமாஅத்தின் வேலை. நம் அண்டையூரான கடையநல்லூரிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள் 1941-இல் சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீகை நிறுவினர். ஐந்தே ஆண்டுகளில் உமறுப்புலவரின் பெயரால் அங்கு ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினர். அப்பள்ளி 1982-இல் மூடப்பட்ட பின்னரும், புலவரின் பெயர் அங்குள்ள தமிழ்மொழி நிலையத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது. ஒரே கடையில் செருப்பு வாங்கியவர்களையும் இவர்களையும் ஒரே சொல்லால் அழைப்பதா?

இவ்விடத்தில் ஓர் அரபுச் சொல்லையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய அரபு நாடுகளில் வாடிக்கையாளரை 'ஸபூன்' என்பர். பழைய அகராதிகளைப் புரட்டினால், கறக்க வருபவனை உதைக்கும் பெண் ஒட்டகைக்கும் அதுவே பெயராக இருக்கிறது. இரண்டும் ஒரே மூலத்தனவா, வேறு வேறா என்பதைச் சொல்லாராய்ச்சியாளர் பார்த்துக்கொள்ளட்டும். கடைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதை மட்டும் நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் குற்றாலத்தில் சாரல் காலக் கடை வைத்திருந்தவர். மிளகு, கிராம்பு, ஜாதிக்காய், மலைத்தேன் ஆகியவை அவருடைய சரக்கு. ஆண்டில் மூன்று மாத வியாபாரம் குடும்பத்துக்குப் போதாமையால், பிறகு இணையத்தில் விற்கத் தொடங்கினார். வாங்கியவர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். முந்நூறு வீடுகளுக்கு மேல் அதில் உண்டு. எழுதுவோர் பெரும்பாலும் பெண்கள். நாமும் அதில் ஓர் உறுப்பினர்.

ஒருநாள் அவர் நம்மிடம் வந்தார். வெளியூர் ஆள் ஒருவர், குறித்த தொகை தந்தால் சில நூறு பாராட்டுரைகளும் ஐந்து நட்சத்திர மதிப்பீடுகளும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "எல்லோரும் செய்கிறார்கள், ஹஜ்ரத். என் சரக்கு நல்ல சரக்குதானே, இதில் குற்றம் உண்டா?" என்று கேட்டார்.

நாம் 'நஜ்ஷ்' பாடத்தை அவருக்கு நினைவூட்டினோம். வாங்கும் எண்ணம் சிறிதுமின்றி, பிறரை ஏமாற்றுவதற்காக ஒருவன் ஏலத்தில் விலையை ஏற்றிக் கேட்பது நஜ்ஷ். பெருமானார் (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். இதில் விற்பனை செல்லுமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்றுப்படி விற்பனை செல்லும். பாவம் செய்தவரைச் சேரும். மாலிகி மத்ஹபினரோ, ஏமாந்தவர் பொருளைத் திருப்பித் தர உரிமை உண்டு என்பர். முகம் தெரியாதவன் எழுதும் பொய்ப் பாராட்டுக்கு மாலிகிகளின் வழியே பொருத்தம் என்பது நம் கருத்து. சரக்கு நல்லதா என்பது இங்குக் கேள்வியே அன்று. வாங்காதவன் வாங்கினேன் என்பதுதான் கேடு. நாட்டுச் சட்டமும் இதில் வாய் மூடி இருக்கவில்லை. விற்பவர் தம்மையே நுகர்வோராகக் காட்டிக்கொண்டு கருத்து எழுதுவதை 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடை செய்கின்றன. 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இணைய மதிப்புரைகளுக்கென ஒரு தர அளவை வெளியிட்டது. மாணவர் அந்த ஆளை அனுப்பிவிட்டார்.

அடுத்த சோதனை தேனில் வந்தது. ஒரு மழைக்காலத்தில் வாங்கிய தேனில் நீர்ப்பதம் மிகுந்து, சில புட்டிகள் புளித்து நுரைத்துவிட்டன. கடையநல்லூர்ப் பெண்மணி ஒருவர் நுரைத்த புட்டியின் படத்தைக் குழுவிலேயே போட்டுவிட்டார். அப்படத்தை நீக்கும் அதிகாரம் மாணவரின் கைவிரலில் இருந்தது. அவர் நீக்கவில்லை. கண்ணால் காணாமல் வாங்கியவருக்குக் கண்டபின் மறுக்கும் உரிமை உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். அதற்கும் மேலே போய், அந்த ஈட்டில் வாங்கிய அனைவருக்கும், கேட்டவருக்கும் கேளாதவருக்கும், பணத்தைத் திருப்பி அனுப்பினார். அவ்வாண்டின் இலாபம் அதில் போயிற்று. சிலர் குழுவை விட்டும் போயினர். அதில் வியப்பொன்றுமில்லை.

நம்மை வியக்க வைத்தது அதன் பிறகு நிகழ்ந்தது. அதுவரை கடைக்காரரை நோக்கியே எழுதிவந்தவர்கள், தமக்குள் எழுதத் தொடங்கினர். புளியங்குடி எலுமிச்சையை ஊறுகாய் போடும் பக்குவம் ஒருவர் சொன்னார். குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு வரும் வெளியூர்க்காரருக்கு, எந்த அருவியில் பெண்களுக்கு நெரிசல் குறைவு என்று தென்காசிப் பெண் ஒருவர் நேரம் குறித்துக் கொடுத்தார். பொட்டலம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பையன் வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தபோது, கடைக்காரர் கேளாமலே பணம் திரண்டது. மதம் பார்த்துத் திரளவில்லை. விற்பவனைச் சுற்றி நிற்பது கூட்டம். விற்பவன் விலகி நின்றாலும் கலையாமல் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டால், அதை ஜமாஅத்துக்குத் தம்பி முறை என்றாவது ஒப்புக்கொள்ளலாம் என்று அன்று தோன்றிற்று.

இப்போது மூன்றாவது வழக்கு வந்திருக்கிறது. பெருநகர நிறுவனம் ஒன்று, மாணவரின் கடையை விலைக்குக் கேட்கிறது. மிளகுக்கும் தேனுக்கும் அவர்கள் பெரிய விலை வைக்கவில்லை. அந்த முந்நூற்றுச் சொச்ச வீடுகளின் தொலைபேசி எண்களுக்கும், அவர்கள் எதை எப்போது வாங்கினர் என்ற கணக்குக்கும்தான் விலை. தொகை சிறியதன்று. அவருக்குக் கடன் உண்டு. கல்யாண வயதில் மகள் இருக்கிறாள்.

"இதில் என்ன சட்டம், ஹஜ்ரத்?" என்றார். ஒரு காரியத்துக்காகப் பெற்ற தனிநபர் விவரத்தை வேறு காரியத்துக்குக் கொடுக்க உரியவரின் இசைவு வேண்டும் என்பது 2023-இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. நம் கிதாபுகளின் மொழியில் சொன்னால் அது அமானிதம். வைத்தவரைக் கேளாமல் கைமாற்ற முடியாது. "ஆகவே கேட்டுப் பாருங்கள் தம்பி, அவர்களையே கேளுங்கள்" என்றோம்.

சென்ற திங்களன்று அஸருக்குப் பின் அவர் குழுவில் விவரம் முழுவதையும், தொகை உட்பட, எழுதினார். முதல் பதில் புளியங்குடியிலிருந்து வந்தது: "கடையை வில்லுங்க தம்பி, அது உங்க சொத்து. என் நம்பரை எடுத்திட்டு வில்லுங்க." கடையநல்லூர்ப் பெண்மணி, புதியவர்கள் புளித்த தேனுக்குப் பணம் திருப்புவார்களா என்று கேட்டார். இன்னொருவர், மகள் கல்யாணத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று தனியே கேட்டதாக மாணவர் சொன்னார். இஷாவுக்குள் எண்பது பேர் எழுதியிருந்தனர். இசைந்தவர்களும் அவர்களுள் உண்டு. நிறுவனத்தார் கொடுத்த கெடு வரும் வெள்ளியோடு முடிகிறது.