ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிறவர்கள்

மதுரையில் பழைய தமிழ் நூல்களை மின்வடிவத்துக்கு மாற்றும் சிறு குழு ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் பிழை திருத்துகிறவர்கள் அச்சுப் பக்கத்தின்மேல் ஸ்கேலை வைத்துக்கொண்டு, ஒரு வரி படித்து முடிந்ததும் கீழே நகர்த்துகிறார்கள். உள்ளறையில் பைத்தானில் புரோகிராம் எழுதுகிறவர்கள். நான் பார்க்கப் போனது உள்ளறை வேலையைத்தான். ஆனால் அந்த ஸ்கேல் செய்கிற வேலையே அங்கும் நடக்கிறது: படித்த இடத்தைத் தவறவிடாமல் அடுத்த வரிக்குக் கொண்டுபோவது.

உள்ளறையில் அதற்கு இட்டரேட்டர் என்று பெயர். அடுத்தது எது என்று கேட்டால் தொகுப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கும். எங்கே நிறுத்தினோம் என்பதை வைத்துக்கொள்ளும். தீர்ந்ததும் தீர்ந்தது என்று சொல்லிவிடும். பைத்தானில் கேட்பதற்கு ‘நெக்ஸ்ட்’, தீர்ந்ததைச் சொல்வதற்கு ‘ஸ்டாப் இட்டரேஷன்’. ஃபார் லூப் போட்டால் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். உள்ளே இருப்பது லிஸ்டா, ஃபைலா, டேட்டாபேஸா என்று கேட்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை.

அன்றைக்கு அவர்கள் கையில் இருந்த வேலை, ஒரு நூலில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது. அச்சுப் பக்கத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர், துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொள்வது வழக்கமான தொல்லை. எண்ணிக்கையைப் பார்த்தால் எந்த எழுத்து அளவுக்கு மீறி வந்திருக்கிறது என்று தெரியும். பிழை திருத்துகிறவர்கள் அங்கே போய்த் தேடலாம்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘தமிழ்’ என்ற சொல்லை பைத்தானின் ஃபார் லூப்பில் அப்படியே விட்டால் மூன்று எழுத்து வராது, ஐந்து வரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். பைத்தானுக்குத் தெரிந்தது குறியீடு. தமிழ் படிக்கிறவருக்குத் தெரிந்தது எழுத்து. இந்த இடத்தில் புரோகிராம் எந்தப் பிழைச் செய்தியும் தருவதில்லை. தப்பான கணக்கை நிதானமாக எண்ணிக் கொடுத்துவிடும். ‘ஒன்று’ என்பது எது என்று முதலில் முடிவு செய்வதில்தான் இந்தத் தொழிலின் சாமர்த்தியம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இளைஞர் எழுத்தைப் பிரிக்கும் பகுதியை எழுதியிருந்தார். ஒரு குறியீட்டைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து வருவது உயிர்க்குறியோ புள்ளியோ என்றால் அதோடு ஒட்ட வேண்டும். வேறு எழுத்து என்றால் கையில் இருப்பதை ‘யீல்டு’ செய்துவிட்டு, அதாவது வெளியே கொடுத்துவிட்டுப் புதியதைப் பிடிக்க வேண்டும். அவருக்கு வழிகாட்டுகிற அக்கா ‘தமிழ்’ என்று கொடுத்து ரன் பண்ணினார். திரையில் த, மி. அவ்வளவுதான்.

“ழ் எங்க தம்பி?”

அவர் புரோகிராமை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். “லூப் முடிஞ்சிருச்சுக்கா, அதான்...” என்று இழுத்தவர், சொல்லி முடிப்பதற்குள் தானே கண்டுபிடித்துவிட்டார். அடுத்த எழுத்து வந்தால்தான் கையில் இருப்பது வெளியே போகும். கடைசி எழுத்துக்கு அடுத்து எதுவும் வராது. அது கையிலேயே தங்கிவிட்டது. லூப்புக்கு வெளியே இன்னொரு யீல்டு சேர்த்தார். “காலிச் சொல் வந்தா?” என்று அக்கா கேட்டதும், கையில் ஏதாவது இருந்தால் மட்டும் கொடு என்று அதற்கு முன்னால் ஒரு நிபந்தனையும் சேர்ந்தது.

யீல்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ரிட்டர்ன் என்றால் ஃபங்ஷன் முடிந்துபோகும். யீல்டு என்றால் ஒன்றைக் கொடுத்துவிட்டு அந்த வரியிலேயே நின்றுவிடும். அடுத்த முறை கேட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பார்பரா லிஸ்கோவும் அவருடைய மாணவர்களும் 1970களில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கிய சிஎல்யு மொழியிலேயே இது இருந்தது. பைத்தானுக்கு 2001 கடைசியில் வெளியான 2.2 பதிப்பில் வந்தது. லூவா என்ற மொழியில் இதே காரியத்தை, தன் நிலையை நினைவில் வைத்திருக்கும் ஃபங்ஷன் ஒன்றை எழுதிச் செய்கிறார்கள்; அது ‘நில்’ என்ற வெற்று மதிப்பைத் தந்தால் லூப் நிற்கும்.

நூல் முழுவதையும் எழுத்து எழுத்தாகப் பிரித்து லிஸ்டில் போட்டுவிட்டு எண்ணினால் என்ன? ஒரு நூலுக்கு ஒன்றும் ஆகாது. அலமாரி முழுக்க இருக்கிற நூல்கள் என்றால், ஃபைலில் மூன்று பைட் பிடிக்கிற ஒரு குறியீடு மெமரியில் தனிச் சரமாக உட்காரும்போது பல மடங்கு இடம் கேட்கும். இவர்களுடைய முறையில் ஃபைல் ஒரு வரி தருகிறது, வரி ஓர் எழுத்து தருகிறது, எண்ணுகிற பகுதி அதை வாங்கிக்கொள்கிறது. எந்த நேரத்திலும் மெமரியில் இருப்பது ஏறக்குறைய ஒரு வரிதான்.

அதற்கு ஒரு விலை உண்டு. எண்ணி முடித்த பிறகு அதே இட்டரேட்டரை அந்த இளைஞர் இரண்டாவது லூப்பிலும் போட்டார். ஒன்றுமே வரவில்லை, பிழையும் காட்டவில்லை. ஒருமுறை தீர்ந்தது தீர்ந்ததுதான். மறுபடி வேண்டுமென்றால் ஃபங்ஷனை மறுபடி அழைத்துப் புதிதாக ஒன்றை வாங்க வேண்டும். “இதுல அடிபடாதவங்க யாரும் இல்ல” என்றார் அக்கா.

பிறகு ‘மொழி’ என்ற சொல்லைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், எண்ணும்போது மட்டும் வேறு வேறு ‘மொ’வாகப் பிரிந்துவிடும். எழுத்தைப் பிரிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் யூனிகோடின் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவது என்று முடிவானது. ஔகாரத்துக்கு அதுவும் போதாது. ஒற்றைக்கொம்புக்குப் பிறகு ஔகாரத்தின் வால் வர வேண்டிய இடத்தில் ‘ள’ என்ற எழுத்தையே தட்டச்சு செய்திருந்தால், அதை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

கடைசியாக ‘க்ஷ’ வந்தது. புரோகிராம் அதை ‘க்’, ‘ஷ’ என இரண்டாகக் கொடுத்தது. முன்னறையிலிருந்து ஒரு பெரியவரைக் கூப்பிட்டார்கள்.

“ஐயா, இது ஒண்ணா ரெண்டா?”

“அச்சுக் கோத்த காலத்துல ஒரே எழுத்தும்மா. ஒண்ணாவே வையுங்க” என்றார் அவர். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. பிழை தேடப்போவது அந்த அச்சைப் பார்த்துத்தானே. கையில் ‘க்’ இருக்கும்போது ‘ஷ’ வந்தால் யீல்டு செய்யாதே, ஒட்டிக்கொள் என்று இளைஞர் ஒரு நிபந்தனை சேர்த்தார். சோதனைப் பட்டியலில் ‘பக்ஷி’யும் ‘லக்ஷ்மி’யும் ஏறின. ல, க்ஷ், மி என்று மூன்று வந்ததும் மொத்த நூல்களையும் ஓடவிட்டார்கள்.